பார்கோடு பயிற்சிக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? வட சென்னைக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

தண்டையார்பேட்டையில் ஒரு மாடியில் நடக்கும் பயிற்சி மையத்தில் 18,500 ரூபாய் கட்டி ஏமாந்துவிட்டேன். புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாதவரத்தில் ஒரு குடோனில் மூன்று வருடமாக ஸ்கேனிங் வேலை பார்க்கிறேன். பெட்டி வரும், ஸ்கேனரைக் காட்டுவேன், சத்தம் வந்தால் அடுத்த பெட்டி. அந்தக் கோடுகளுக்குள் என்ன இருக்கிறது என்று கற்றுக்கொண்டால் சூப்பர்வைசர் ஆகலாம் என்று ஆசை. ‘சர்வதேசத் தரத்தில் பார்கோடு பயிற்சி, சான்றிதழ், வேலை உறுதி’ என்ற நோட்டீஸைப் பார்த்துச் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அதில் நான்கு வாரம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு லேபிள் மென்பொருளைத் திறந்து மூடியதுதான். ஐந்தாவது வாரம் சார் போர்டில் 890123456789 என்று எழுதினார். இரண்டாவது எண்ணில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றை மூன்றால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் 130. அது பத்தால் வகுபடுவதால், பதின்மூன்றாவதாகச் சேர்க்க வேண்டிய கடைசி எண் 0. இந்தக் கணக்கு சரிதான். அடுத்து அவர் சொன்னதுதான் விஷம்: “890ன்னு ஆரம்பிச்சா இந்தியாவுல செஞ்ச பொருள். நடுவுல எந்த நம்பர் வேணா போட்டுக்கலாம், கடைசி நம்பர் சரியா வந்தா போதும்.”

இரண்டுமே தவறு. ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பு தன்னிடம் பதிவு செய்த நிறுவனங்களுக்குக் கொடுக்கும் எண்கள் 890இல் தொடங்கும், அவ்வளவுதான். பொருள் எங்கே தயாரானது என்று அது சொல்லாது. கடைசி எண்ணும் தட்டச்சுப் பிழையைப் பிடிக்க மட்டுமே. எண் யாருக்குச் சொந்தம் என்று அதற்குத் தெரியாது.

இது எனக்கு அப்போது தெரியாது. ராயபுரத்தில் என் பெரியம்மா வீட்டிலேயே மிளகாய்த்தூள் அரைத்து பாக்கெட் போடுகிறார். பார்கோடு இருந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சொல்லியிருந்தார்கள். சாரிடமே 350 ரூபாய் கொடுத்து ஒரு எண் வாங்கினேன். மிளகாய்க்குப் பொருத்தமாக வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடாகவே அடிக்கலாம் என்றார். கடை ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடும் வெள்ளையாகத்தான் தெரியும். ஒரு பாக்கெட் கூடப் படிக்கவில்லை. கறுப்பில் மறுபடி அடித்து 240 பாக்கெட்டிலும் ஒட்டினோம்.

இரண்டே நாளில் பெரியம்மா போன் செய்தார். “இன்னா கண்ணு, என் மொளகாத்தூளக் காட்டுனா சோப்புத்தூள்னு பில்லு வருதாம். எல்லாத்தையும் எடுத்துனு போ சொல்லிட்டாங்க.” யாரோ ஒரு கம்பெனிக்குச் சொந்தமான எண்ணைத் தூக்கி எனக்கு விற்றிருக்கிறார். அந்தக் கடைக்காரர் இப்போது பெரியம்மாவைத்தான் ஏமாற்றுக்காரியாகப் பார்க்கிறார். 18,500 போனதைவிட எனக்கு இதுதான் தாங்கவில்லை.

சான்றிதழோடு மணலியில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். பெட்டி லேபிள் ஒன்றை அடித்துக் காட்டச் சொன்னார்கள். வகுப்பில் சொன்னபடி 01, 17, 10 எல்லாவற்றையும் அடைப்புக்குறியோடு ‘கோடு 128’ (Code 128) என்ற பார்கோடு வகையில் அடித்தேன். அவர்கள் சிஸ்டம் ஏற்கவில்லை. அங்கிருந்த அண்ணன்தான் பொறுமையாக விளக்கினார். 01 பொருளின் எண், 17 காலாவதித் தேதி, 10 பேட்ச் எண். அடைப்புக்குறி நம் கண்ணுக்காகக் கோட்டுக்குக் கீழே எழுதுவது மட்டும்தான், கோட்டுக்குள் போகக்கூடாது. உள்ளே முதலில் எஃப்என்சி1 என்ற சிறப்புக் குறி வர வேண்டும். பேட்ச் எண்ணுக்கு நீளம் நிலையில்லை என்பதால், அதன் பிறகு வேறு தகவல் வந்தால் நடுவிலும் அந்தக் குறி வேண்டும். பத்து நிமிடத்தில் அவர் சொல்லிக்கொடுத்தது ஆறு வாரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. “சான்றிதழ் யாரும்மா குடுத்தது?” என்று மட்டும் கேட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரியைக் காட்டினார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்திருக்கிறேன்.

எந்த மையத்துக்குப் போனாலும், பணம் கட்டும் முன் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, “இதில் கோட்டுக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும்?” என்று கேளுங்கள். மிக மெல்லிய கோட்டின் அகலத்தைப் போல இடப்பக்கம் 11 மடங்கு, வலப்பக்கம் 7 மடங்கு. பாடம் தெரிந்தவர் யோசிக்காமல் சொல்வார். அச்சுத் தரத்துக்கான ஐஎஸ்ஓ 15416 பற்றியும் கேளுங்கள். எங்கள் சார் அந்தப் பெயரையே ஒரு நாளும் சொன்னதில்லை. எண் விற்கிறேன் என்று சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். அதை ஜிஎஸ்1 இந்தியாவில் நேரடியாகப் பதிவு செய்துதான் வாங்க வேண்டும். கையில் ஏற்கெனவே எண் இருந்தால், அது யார் பெயரில் இருக்கிறது என்று ‘வெரிஃபைட் பை ஜிஎஸ்1’ இணையப் பக்கத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் அடுத்த பேட்ச்சுக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், ரசீதின் இரண்டு பக்கத்தையும் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.