காலாவதியான டொமைன்: ரினியூ செய்வதா, ரிடெம்ப்ஷன் கட்டணம் கட்டுவதா, விழும்போது பிடிப்பதா?

“சைட்ல ஏதோ விளம்பரப் பக்கம் வருது சார், காலையிலேர்ந்து ஒரு மெயிலும் வரல” என்று கிளையண்ட் போன் செய்தால் நான் சர்வர் பக்கமே போவதில்லை, நேராக ஹூஇஸ் (டொமைனின் பொதுப் பதிவு விவரம்) பார்க்கிறேன். அதிலும் தேதியை அல்ல, ஸ்டேட்டஸ் வரியை. தேதி ஏமாற்றும். டாட் காம் போன்ற பெயர்களில் காலாவதி நாளன்று ரெஜிஸ்ட்ரி (அந்தப் பெயர்களின் மூலப் பதிவேட்டை நடத்தும் அமைப்பு) தானாகவே ஒரு வருடம் நீட்டித்துவிடும், 45 நாளுக்குள் ரெஜிஸ்ட்ரார் (நமக்கு டொமைனைப் பதிந்து தரும் கம்பெனி) டிலீட் செய்தால் அவர் கட்டிய பணம் அவருக்குத் திரும்பிவிடும். அதனால் பைசா கட்டாத டொமைனுக்கும் பதிவில் அடுத்த வருடத் தேதி நிற்கும். ஒரு கிளையண்ட் அந்தத் தேதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, இன்னும் ஒரு வருஷம் இருக்கே என்று என்னிடமே வாதாடினார்.

இன்னும் கிரேஸ் பீரியடில்தான், அதாவது காலாவதிக்குப் பின் வரும் அந்த அவகாசத்தில்தான், இருக்கிறது என்றால் யோசிக்க எதுவுமில்லை, ரினியூ செய்துவிடுங்கள். போனை வைப்பதற்குள்ளேயே செய்தாலும் சரி. இங்கே பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. 45 நாள் என்பது ரெஜிஸ்ட்ராருக்குக் கிடைக்கும் அவகாசம், உங்கள் உரிமை அல்ல, உங்களுக்கு எத்தனை நாள் தருவது என்பது அவர் இஷ்டம். அதுவுமில்லாமல் பல ரெஜிஸ்ட்ரார்கள் இந்த இடைவெளியிலேயே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுகிறார்கள். குறிப்பிட்ட நாள் வரை பழைய உரிமையாளர் பணம் கட்டினால் ஏலம் ரத்தாகும், அதைத் தாண்டினால் பெயர் ஏலம் எடுத்தவர் கைக்கு நேராகப் போய்விடும், நடுவில் டிலீட் என்பதே நடக்காது. டிலீட் நடக்காவிட்டால் ரிடெம்ப்ஷனும் (டிலீட் ஆன பெயரைக் கட்டணம் கட்டி மீட்பது) கிடையாது. “எப்படியும் அப்புறம் ஒரு மாசம் இருக்குல்ல” என்று தள்ளிப்போடுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

ஏலத்துக்குப் போகாமல் டிலீட் ஆகிவிட்டால் ரிடெம்ப்ஷன் பீரியட் தொடங்கும், 30 நாள். பழைய ரெஜிஸ்ட்ரார் வழியாக மட்டுமே மீட்க முடியும், வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு அங்கே கட்டலாம் என்பதெல்லாம் நடக்காது. மீட்புக் கட்டணத்தோடு பெரும்பாலும் ஒரு வருட ரினியூவலும் சேர்ந்து வரும். தொகையைக் கேட்டதும் எல்லா கிளையண்டும் சொல்வது ஒன்றுதான்: “இவ்வளவா? விட்டுருங்க, கீழே விழுந்ததும் சாதாரண விலைக்குப் புதுசா எடுத்துக்கலாம்.”

கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குத்தான் இடிக்கிறது. ரிடெம்ப்ஷன் 30 நாள், அதற்குப் பின் யாரும் தொட முடியாத பெண்டிங் டெலீட் 5 நாள். அத்தனை நாளும் சைட் இல்லை, மெயில் இல்லை. முடிவில் பெயர் விழும், அதாவது யார் வேண்டுமானாலும் பதியலாம் என்று விடுபடும், நொடியில் நீங்கள் மட்டும் காத்திருப்பதில்லை. இதையே தொழிலாகச் செய்யும் டிராப் கேட்சிங் கம்பெனிகள் ரெஜிஸ்ட்ரிக்குக் கோரிக்கைகளைக் கொட்டுவதற்கென்றே ஏராளமான ரெஜிஸ்ட்ரார் உரிமங்களைக் கையில் வைத்திருக்கின்றன. பழைய பெயர், வெளியிலிருந்து நாலு லிங்க் உண்டு என்றால் கையால் டைப் செய்து பிடிப்பது நடக்காத காரியம். அவர்களிடமே பேக்ஆர்டர் (விழுந்ததும் எனக்குப் பிடித்துக் கொடு என்ற முன்பதிவு) போடலாம்தான், ஆனால் இன்னொருவரும் போட்டிருந்தால் அதுவும் ஏலமாகிவிடும், மிச்சம் பிடிக்க நினைத்த கட்டணத்தை விட அதிகம் போகும். டொமைனின் தொடக்கத் தேதியும் புதிதாகிவிடும். பேக்ஆர்டரை நான் ஒரே ஒரு நிலைமையில்தான் சொல்வேன்: முன்பு சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரில், தன் அக்கவுண்டில் டொமைனை எடுத்துவிட்டு ஆளே காணாமல் போயிருக்கும்போது. அப்போது ரிடெம்ப்ஷன் கட்ட உங்களுக்கு வழியே இல்லை. ஒரு கம்பெனியோடு நிற்காமல் இரண்டு மூன்றில் போடுங்கள், பெயர் கிடைத்தால்தான் பணம் என்பதே பெரும்பாலான இடங்களில் வழக்கம்.

உண்மையில் பல கேஸ்களில் சிக்கல் பணமே அல்ல, அக்கவுண்டுக்குள் நுழைவதுதான். டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐகேனின் விதிப்படி காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த ஐந்து நாளுக்குள்ளும் நினைவூட்டல் வர வேண்டும். வந்திருக்கும், வேலையை விட்டுப் போன யாரோ ஒருவரின் மெயிலுக்கு. சரி, பாஸ்வேர்டை மாற்றலாம் என்று போனால் ரீசெட் லிங்க் போய்ச் சேரும் முகவரி அதே செத்த டொமைனில் இருக்கும். பூட்டிய வீட்டுக்குள் சாவி. கம்பெனி பதிவுச் சான்று, அடையாள அட்டை எல்லாம் அனுப்பி சப்போர்ட்டை நம்பவைக்க நாட்கள் ஆகும், இந்தப் பக்கம் நாள் எண்ணிக்கை நிற்காது. அதனால் முதல் நாளே டிக்கெட் போடுங்கள், போனிலும் விடாதீர்கள். சில ரெஜிஸ்ட்ரார்களிடம் லாகின் இல்லாமலே யார் வேண்டுமானாலும் ரினியூவல் கட்டலாம், கேட்டுப் பாருங்கள். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் லாகின் சேவை ஓடிய பாஸ்போர்ட் டாட் காமையே ரினியூ செய்ய மறந்து ஹாட்மெயில் லாகின் தடுமாறியபோது, மைக்கேல் சேனி என்ற புரோகிராமர் தன் கார்டில் 35 டாலர் கட்டி உயிர் கொடுத்தார். கட்டினால் பெயர் உங்களுடையது ஆகிவிடாது, உரிமையாளர் பதிவில் உள்ளவர்தான்.

வேறொருவர் கைக்குப் போன பிறகு இரண்டு வழி. கிளையண்டுக்கு முதலில் தோன்றுவது யூடிஆர்பி புகார், அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் நடுவர் முன் டொமைன் தகராறைத் தீர்க்கும் முறை. உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஐந்து பெயர்கள் வரை, ஒரே நடுவர் என்றால் 1,500 டாலர், வக்கீல் செலவு தனி, முடிய சுமார் இரண்டு மாதம். பெயர் உங்கள் டிரேட்மார்க்கோடு குழப்பும்படி ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடுதான் பதிந்து பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் நிரூபிக்க வேண்டும். யாரும் பயன்படுத்தும் பொதுச்சொல் என்றால் தேறுவது கஷ்டம். உங்கள் பெயரில் போலி சைட் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்றால் இது சரியான வழி, மற்றபடி நான் விலை பேசத்தான் சொல்வேன். கம்பெனி மெயிலிலிருந்து எழுதாமல், எஸ்க்ரோ (பெயர் கைமாறும் வரை பணத்தை வைத்திருக்கும் மூன்றாம் தரப்பு) வழியாக. “எங்க பத்து வருஷ உழைப்பு சார்” என்று ஆரம்பித்தால் விலை அங்கேயே ஏறிவிடும்.

விட்டுத் தொலைத்துவிட்டுப் புதுப் பெயர் எடுப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு போலத் தெரியும். ஆனால் பழைய டொமைனை வாங்கியவர் அதில் எந்த முகவரிக்கு வரும் மெயிலையும் பெறலாம், பாஸ்வேர்ட் ரீசெட் உட்பட. எனவே பேங்க், ஹோஸ்டிங், சமூக வலைத்தளம் என்று பழைய மெயிலில் ஓடும் ஒவ்வொரு லாகினையும் பெயர் இன்னும் பெண்டிங் டெலீட்டில் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் அந்தப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று தெரியும். பாதி எழுதியதும் கிளையண்டே நிறுத்திவிட்டு, அந்த ரிடெம்ப்ஷன் கட்டணம் எவ்வளவு என்று சொன்னீங்க என்று கேட்டிருக்கிறார்.