யூஎஸ்சிஐஎஸ் முகவரி மாற்றச் சேவை: என்-400 போட்டுவிட்டு வீடு மாறியவளின் விமர்சனம்

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ் நடத்தும் அரசாங்கத் தளம் ஒன்றுக்கு நான் இவ்வளவு தாராளமாகக் கொடுப்பேன் என்று எங்கள் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

டெக்சாஸ் இர்விங்கில் இருந்தபோது நானும் என் வீட்டுக்காரரும் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம் போட்டோம். ஆன்லைனில் போட்டதால் ஆளுக்கு 710 டாலர். காகிதத்தில் போட்டால் 760. ரசீது வந்து காத்திருந்த நேரத்தில் அவருக்கு நார்த் கரோலினாவில் ஆஸ்பத்திரி லேப் வேலை கிடைத்தது. கேரி ஊருக்கு வண்டி கட்டினோம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் வீடு மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 10 நாள்தான். இருந்தால் கூடுதல் சிக்கல், அவ்வளவே: நேர்காணல் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விடும்.

சேவை எப்படி? யூஎஸ்சிஐஎஸ் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று வேண்டும். உள்ளே போக இரண்டாவது சரிபார்ப்பு எண் கேட்கும், அதனால் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய முகவரி, புது முகவரி, மாறிய தேதி, நிலுவையில் இருக்கும் விண்ணப்பத்தின் ரசீது எண். அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு உட்கார்ந்தேன், விசில் அடங்குவதற்குள் முடிந்துவிட்டது. 2023 அக்டோபருக்கு முன்னால் இப்படி இல்லை. முகவரி மாற்றத்துக்கான ஏஆர்-11 என்ற படிவத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும், அதோடு நிற்காமல் நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முகவரியைத் தனியாக மாற்றச் சொல்ல வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றை விட்டவர்கள் ஏராளம். இப்போது ஒரே இடத்தில் கொடுத்தால், பெரும்பாலான படிவ வகைகளுக்கு இரண்டு வேலையும் சேர்ந்தே முடிகிறது. விண்ணப்பத்தைக் காகிதத்தில் போட்டவர்களும் இதைப் பயன்படுத்தலாம். குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்டவர்களுக்கான விண்ணப்பம், குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான யூ விசா, ஆள்கடத்தலில் சிக்கியவர்களுக்கான டி விசா போன்றவற்றுக்கு மட்டும் வேறு வழி வைத்திருக்கிறார்கள்.

தளம் இரண்டு முகவரி கேட்கும்: நீங்கள் உண்மையில் குடியிருக்கும் இடம், தபால் வர வேண்டிய இடம். பலர் இதைக் கவனிக்காமல் ஒன்றையே இரண்டிலும் அடித்துவிட்டுப் போகிறார்கள். அபார்ட்மென்ட் கிடைக்கும் வரை நாங்கள் என் நாத்தனார் வீட்டு மாடியில் இருந்தோம். அங்கே தபால்பெட்டியில் அவர்கள் பெயர் மட்டும்தான். புதுப் பெயர் போட்ட உறையைத் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடக்கூடும். அதனால் 'மேற்பார்வை' என்று நம் ஊர் கடிதங்களில் எழுதுவோமே, அதற்கான கட்டத்தில் நாத்தனார் பெயரைப் போட்டோம். பெட்டிக்குள்ளேயும் எங்கள் பெயரை எழுதிய சீட்டை ஒட்டினோம். சொந்த அபார்ட்மென்ட் கிடைத்ததும் மறுபடியும் தெரிவிக்க வேண்டும். தற்காலிக வீடுதானே என்று விட முடியாது.

தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. தபால் துறை இவர்களுக்குச் சொல்லாது. யூஎஸ்சிஐஎஸ் கடிதங்கள் புது முகவரிக்குத் திருப்பிவிடப்படாது என்று யூஎஸ்சிஐஎஸ்ஸே தன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் தபால் துறையின் 'இன்ஃபார்ம்ட் டெலிவரி' என்ற இலவச வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு வரப்போகும் உறைகளின் படம் காலையில் மெயிலில் வந்துவிடும்.

அரை நட்சத்திரம் குறைத்தது எதற்கு என்றால், குடும்பமாக ஒரே மூச்சில் முடிக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஆதங்கத்தில்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் தெரிவிக்க வேண்டும். கணவர் தெரிவித்தால் மனைவிக்கும் சேர்த்துத்தான் என்று நினைப்பவர்கள் நம் ஆட்களில் அதிகம். மகளுக்கு 12 வயது. எங்களில் ஒருவர் குடியுரிமை உறுதிமொழி எடுத்ததும் அவள் தானாகவே குடிமகள் ஆகிவிடுவாள், அதற்குத் தனியாக என்-400 தேவையில்லை. ஆனால் அதுவரை அவளும் கிரீன் கார்டுக்காரிதான், அவளுக்காக நாங்கள் தெரிவித்தோம். பையன் கதை வேறு. அவன் எங்களோடு வரவில்லை, டெக்சாஸிலேயே டென்டனில் கல்லூரி விடுதிக்குப் போனான். குடியிருப்பு முகவரி டென்டன், தபால் முகவரி கேரி. 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண்கள் படைச்சேவைப் பதிவு செய்திருக்க வேண்டும் அல்லவா, அதிலும் முகவரி மாறினால் 10 நாள் கெடு, அதற்குத் தளமே வேறு. "எத்தனை பேருக்குத்தாம்மா நான் எங்க தூங்குறேன்னு சொல்றது" என்று போனில் கத்தினான். நியாயம்தான்.

குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கும் இந்த 10 நாள் விதி 1952 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. தெரிவிக்காதவர்களுக்கு 200 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை, அல்லது இரண்டும் என்பது அதன் வாசகம். வேண்டுமென்றே மறைத்தால் நாட்டைவிட்டு அனுப்பவும் இடமுண்டு. படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. எழுபதுகளிலேயே இங்கே வந்துவிட்ட எங்கள் மாமா இதைக் கேட்டுச் சிரித்தார். அப்போதெல்லாம் வீடு மாறினாலும் மாறாவிட்டாலும் ஒவ்வொரு ஜனவரியிலும் தபால் நிலையத்துக்குப் போய் ஐ-53 என்ற அட்டையை நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம். 1981 இல்தான் அந்த வழக்கத்தை எடுத்தார்கள். "நீங்க எல்லாம் சொகுசா இருக்கீங்க" என்றார்.

ஒரு எச்சரிக்கை. முகவரி மாற்றம் என்று தேடினால் அரசாங்கத் தளம் போலவே கழுகுப் படம், கொடி எல்லாம் போட்ட தனியார் தளங்களும் வருகின்றன. என்னோடு டேகேரில் வேலை பார்க்கும் தோழி அப்படி ஒன்றில் கார்டு எண்ணையும் கொடுத்துப் பணம் கட்டியிருக்கிறாள். இந்தச் சேவைக்குக் கட்டணமே கிடையாது. முகவரிப் பட்டையில் டாட் கவ் (.gov) என்று முடிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

மாநிலம் மாறினால் விண்ணப்பம் என்ன ஆகும் என்பதுதான் எல்லோரும் கேட்பது. அது உங்களோடு வரும். எங்கள் கோப்பு டல்லாஸ் அலுவலகத்திலிருந்து ராலே-டர்ஹம் அலுவலகத்துக்கு மாறியது, நேர்காணல் டர்ஹமில். விண்ணப்பிக்கும் முன் ஒரு மாநிலத்தில் 3 மாதம் குடியிருக்க வேண்டும் என்ற விதி, போட்ட நாளோடு முடிந்துவிடுகிறது. போட்ட பிறகு மாறினால் மறுபடி எண்ண வேண்டாம். ஆனால் இன்னும் போடவில்லை, இப்போதுதான் மாறியிருக்கிறீர்கள் என்றால் புது மாநிலத்தில் 3 மாதம் இருந்துவிட்டுப் போடுங்கள். கடிதம் கைக்கு வராமல் நேர்காணலைத் தவறவிட்டு, 30 நாளுக்குள் காரணமும் சொல்லாவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். மறுபடி திறக்கக் கேட்க ஒரு வருடம் அவகாசம் உண்டு என்றாலும் அந்த அலைச்சல் யாருக்கு வேண்டும்? நேர்காணலில் அதிகாரி, விண்ணப்பத்தில் கொடுத்த 5 வருட முகவரிகளையும் பார்ப்பார். அதனால் மாறிய தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தளத்தில் கொடுத்த தேதியும் வாயால் சொல்லும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும்.

அப்புறம், இந்தச் சேவைக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும், ஆனால் இதைவிட முக்கியம். புது மாநிலத்தில் ஓட்டுநர் உரிமம் மாற்ற டிஎம்வி என்ற வாகனத் துறை அலுவலகத்துக்குப் போவீர்கள் (நார்த் கரோலினாவில் 60 நாள் தருகிறார்கள்). அங்கே வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்று கேட்பார்கள். 1993 ஆம் ஆண்டு வாக்காளர் பதிவுச் சட்டப்படி அது வழக்கமான கேள்வி. உறுதிமொழி எடுக்கும் வரை பதில் 'இல்லை' மட்டும்தான். வாக்காளராகப் பதிவு செய்தது உண்டா என்று என்-400 படிவமே கேட்கிறது, அங்கே 'ஆம்' என்று வந்தால் குடியுரிமை மட்டுமல்ல, கிரீன் கார்டும் ஆட்டம் காணும்.

குடிமக்கள் ஆனதும் ஏஆர்-11 தொல்லை விடும். ஆனால் அம்மா அப்பாவை வரவழைக்க ஐ-864 ஆதரவுப் பத்திரத்தில் (வருபவரின் செலவுக்கு நான் பொறுப்பு என்ற உறுதி) கையெழுத்துப் போட்டிருந்தால், நீங்கள் குடிமகனே ஆனாலும் வீடு மாறிய 30 நாளுக்குள் புது முகவரியைச் சொல்லும் ஐ-865 படிவம் அனுப்ப வேண்டும். நான் பாராட்டிய இந்தத் தளத்தில் முகவரியை மாற்றினால் அந்தக் கடமை தீராது. எதிர் வீட்டு அக்கா அம்மாவை அழைத்து வந்தவர், அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். வரவழைக்கப்பட்டவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது அவர் பெயரில் 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும் வரை பொதுவாக அது தொடரும்.