வியன்னா டிரைகா அணு உலை: உள்ளே சென்று பார்த்தேன்

ஆஸ்திரியாவில் இன்று இயங்கும் ஒரே அணு உலையான டிரைகா (ஒருவகை ஆராய்ச்சி உலை), வியன்னாவின் பிராட்டர் பூங்காவை ஒட்டி, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டால் உள்ளே அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். அனல்மின் நிலையத்தில் கருவியியல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எனக்குக் கட்டுப்பாட்டு அறைதான் முக்கியம்.

ஆனால் முதலில் கண்ணை இழுத்தது தொட்டிதான். மேலே நின்று எட்டிப் பார்த்தால் பல மீட்டர் ஆழத்துக்குத் தெளிந்த நீர். அடியில் எரிபொருள் கோல்களைச் சுற்றி நீல ஒளி. உலையைக் குளிர்விப்பதும் கதிர்வீச்சைத் தடுப்பதும் அந்த நீரேதான். அசையவே மனம் வரவில்லை.

1962 மார்ச்சில் இயங்கத் தொடங்கிய உலை இது. வெப்பத் திறன் 250 கிலோவாட். மின்சாரம் எடுப்பதில்லை, ஆராய்ச்சியும் பயிற்சியும்தான். இத்தனை வயதில் முதலில் கைவிடுவது கான்கிரீட் அல்ல, மின்னணுக் கருவிகள். ஒரு கார்டு (மின்சுற்று அட்டை) பழுதானால் மாற்றுக் கார்டு கிடைக்காது. செய்த நிறுவனமே அந்த வகையை நிறுத்தியிருக்கும். இந்தத் தலைவலி எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். இங்கே 1992-இல் நிறுவிய கட்டுப்பாட்டு அமைப்பை 2015-இல் கழற்றிவிட்டு, செக் நாட்டுத் தயாரிப்பைப் பொருத்தினார்கள். அதற்கு முன்பே, 2012-இல், பழைய எரிபொருளை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, ஜப்பானில் மூடப்பட்ட டிரைகா உலை ஒன்றில் சிறிதளவே எரிந்திருந்த கோல்களை வாங்கிக்கொண்டார்கள். சிக்கனமான, கெட்டிக்கார வேலை!

நான் மிகவும் மதிப்பது எரிபொருளின் குணத்தை. யுரேனியத்தோடு சிர்கோனியம் ஹைட்ரைடு கலந்திருக்கிறது. சூடு ஏறியதும் அதிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரான்களின் வேகத்தைக் கூட்டிவிடுகிறது. வேகமான நியூட்ரான்கள் யுரேனிய அணுக்களை எளிதில் பிளப்பதில்லை. அதனால் அணுப்பிளவு குறைந்து, திறன் தானாகவே இறங்குகிறது. துடிப்பு இயக்கத்தில், நியூட்ரான்களை உறிஞ்சி உலையை அடக்கிவைக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கோலைக் காற்றழுத்தத்தால் சட்டென்று வெளியே தள்ளுவார்கள். திறன் 250 மெகாவாட் வரை எகிறும். ஏறக்குறைய 40 மில்லிவிநாடியில் அடங்கிவிடும். அடக்குவது எந்தக் கருவியும் அல்ல, எரிபொருளேதான். கருவிகளை நம்பியே வாழ்ந்த எனக்கு இது பெரிய பாடம்.

கருவியியல் படிக்கும் மாணவர்கள் அவசியம் போக வேண்டும். தொட்டியைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். பழைய அளவீட்டுக் கம்பிகளைப் புதிய அமைப்போடு எப்படி இணைத்தார்கள் என்று கேளுங்கள். உலையைப் புதுப்பிப்பதில் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.