உறுமும் ஆம்புக்கு டிசி பிளாக்கர்: சில வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

டிசி பிளாக்கர் என்பது, மெயின்ஸ் ஏசியோடு கலந்து வரும் டிசியை (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) தடுத்து, ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமலை நிறுத்தும் பெட்டி. வாங்கும் முன் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சத்தம் ஸ்பீக்கரில் வருகிறதா, ஆம்ப் பெட்டியிலிருந்தே வருகிறதா? ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். அப்போதும் 'ம்ம்ம்' என்றால் டிரான்ஸ்ஃபார்மர்தான் அதிர்கிறது. ஸ்பீக்கரில் வரும் ஹம் எர்த் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகச் சேர்வது) மாதிரி வேறு விவகாரம். இந்தப் பதிவு அதற்கு உதவாது.

என்னுடையது பெரிய டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பவர் ஆம்ப். பெரும்பாலும் அமைதியாக இருக்கும். திடீரென்று உறுமும், கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடும். வீட்டில் யாராவது ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் போட்டால் உறுமல் கட்டாயம் வரும். முழுச் சூட்டுக்குத் தள்ளியதும் சட்டென்று நிற்கும். துப்பு அங்கேதான் கிடைத்தது. பல டிரையர்களில் குறைந்த சூட்டுக்கு ஒரு டையோடைப் போட்டு, ஏசி அலையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அதனால் வயரிங்கில் வோல்டேஜ் இறங்குவதும் ஒரு பாதியில் மட்டும்தான். அலையின் இரண்டு பாதிகளும் சமமில்லாமல் போக, ஏசியோடு சொற்பமாக டிசியும் கலந்துவிடுகிறது.

230 வோல்ட்டில் ஒரு அரை வோல்ட் டிசி என்ன செய்துவிடும்? நிறையச் செய்யும். டிசிக்குத் தடையாக இருப்பது மெயின்ஸ் இணையும் பிரைமரி சுருளின் ரெசிஸ்டன்ஸ் மட்டுமே. பெரிய டொராய்டில் அது 2 ஓம் என்று வைத்துக்கொண்டால் கால் ஆம்பியர் ஓடும். சும்மா இருக்கும் டொராய்டு, தன் கோரை (சுருளுக்குள் இருக்கும் இரும்பு வளையம்) காந்தமாக்க எடுப்பதைவிட இது பல மடங்கு. கோரிலும் இடைவெளி கிடையாது. ஒரு பக்கம் சாச்சுரேட் ஆகி, அதாவது அதற்கு மேல் காந்தமாக முடியாமல், உறும ஆரம்பிக்கிறது. பழைய இஐ டிரான்ஸ்ஃபார்மரில் E, I வடிவத் தகடுகள் சேரும் இடத்தில் நுண்ணிய இடைவெளி இருப்பதால் அது இவ்வளவு முரண்டு பிடிக்காது.

பிளாக்கருக்குள் பெரிதாக ஒன்றுமில்லை. 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இரண்டு, எதிரெதிராக சீரிஸில். அவற்றுக்குக் குறுக்கே, பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்த 35 ஆம்பியர் பிரிட்ஜ் (நான்கு டையோடுகள் கொண்ட பாகம்). ஏசி கடந்து போகும், டிசி நின்றுவிடும்; கெபாசிட்டரில் வோல்டேஜ் கிட்டத்தட்ட 1.4 வோல்ட்டைத் தாண்டப் பார்த்தால் பிரிட்ஜ் வழிவிட்டுக் காப்பாற்றும். ஆம்ப் அதிகக் கரண்ட் இழுக்கும்போது பிரிட்ஜ் அடிக்கடி திறந்து டிசியும் நழுவிப் போகும் என்பது இதன் பலவீனம். ஆனால் அந்தச் சத்தத்தில் பாட்டு ஓடும்போது உறுமல் யார் காதில் விழப்போகிறது?

பலன்? டிரையர் உறுமல் போயே போய்விட்டது, இன்றுவரை திரும்பவில்லை. பாட்டின் தரம் கூடியதா என்று கேட்டால், இல்லை. கூடும் என்று விற்பவர்களை நம்பாதீர்கள். அதே மாதிரி, ஃபில்டர் வைத்த விலையுயர்ந்த பவர் ஸ்ட்ரிப்புகளும் இதற்குப் பயன்படவில்லை. அவை பிடிப்பது உயர் அதிர்வெண் இரைச்சலை, டிசி அவற்றின் கம்பிச் சுருள் வழியே தாராளமாகப் போய்விடும்.

தீராததும் ஒன்று உண்டு. இரவில் வோல்டேஜ் 250 பக்கம் ஏறினால் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. அது டிசி இல்லை, அதிக வோல்டேஜால் கோர் திணறுவது. பிளாக்கருக்கு அங்கே வேலையில்லை. டொராய்டுக்கு அடியில் ரப்பர் பேட் வைத்தது ஓரளவு உதவியது. நடு போல்ட்டை மட்டும் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும்: அதன் மேல்முனையும் கேபினட்டைத் தொட்டால் ஷார்ட் ஆன ஒரு சுற்றாகி டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துவிடும்.

நீங்களே செய்வதானால், உள்ளே இருப்பதெல்லாம் மெயின்ஸ். மூடிய பெட்டி, ஃபியூஸ் இரண்டும் கட்டாயம். எர்த் வயர் எதிலும் நுழையாமல் நேராக ஆம்புக்குப் போக வேண்டும். ஹம்மைக் குறைக்கிறேன் என்று அதை வெட்டிவிடாதீர்கள். வயரிங் பழக்கம் இல்லாவிட்டால் ரெடிமேடாக வாங்குவதே நல்லது. அதற்கும் முன்னால் ஒரு டிரையரைக் கடன் வாங்கிச் சோதித்துவிடுங்கள். டிரையர் போட்டாலும் போடாவிட்டாலும் சத்தம் ஒரே சீராக இருந்தால் வோல்டேஜையும் மவுன்டிங்கையும் பாருங்கள், பிளாக்கர் அப்புறம்.