ஸ்கூபா பயணக் காப்பீடு: பத்திரத்தின் 14-ஆம் பக்கம்

அந்தமானுக்கு ஸ்கூபா டைவிங் செல்வதற்காக, பாளையங்கோட்டை முகவர் ஒருவரிடம் பயணக் காப்பீடு எடுத்தேன். "கடல்ல குளிக்கதுக்கும் சேத்துதான் அண்ணாச்சி" என்று அவர் உறுதியளித்தார். பத்திரத்தின் 14-ஆம் பக்கத்திலோ, சாகச விளையாட்டுகளுக்கு இழப்பீடு இல்லை என்று எறும்பளவு எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முக்குளிப்போருக்கென்றே உள்ள காப்பீட்டை எடுத்தேன்.

இதன் பலம் அழுத்த நோய்க்கான சிகிச்சைச் செலவை ஏற்பதுதான். ஆழத்திலிருந்து விரைந்து மேலேறினால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகிவிடும். அதற்கு உயர் அழுத்த அறையில், 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் தொடங்கி, ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆக்சிஜன் கொடுக்க வேண்டியிருக்கும். அத்தகைய அறை எல்லாத் தீவிலும் இருப்பதில்லை என்பதால், நோயாளியைக் கொண்டுசெல்லும் செலவையும் இது ஏற்பது முக்கியம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த நம் முன்னோருக்கு, மேலே கயிற்றைப் பிடித்திருந்த ஆள்தான் காப்பீடு!

குறைகளும் உண்டு. தொலைந்த பெட்டிக்கு இதில் இழப்பீடு கிடையாது. நான் பெற்ற ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை முக்குளிப்புச் சான்றிதழின் வரம்பான 18 மீட்டரைத் தாண்டினால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். பலமுறை மூழ்கியபின் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்போர் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரை. அந்தக் கூடுதல் இரவின் விடுதி வாடகையை இந்தக் காப்பீட்டிலும் தருவதில்லை.