முதலில் இரண்டு குரல், கார்டு பிறகு: கவுண்டர்பாயிண்ட் பயிற்சி நான்கு வருடத்துக்குப் பின்

நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரக் கிறிஸ்தவ சபைகளில் நான்கு குரலில் (மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ்) பாடுவது புதிதல்ல. சொல்ஃபா (டோ–ரே–மீ ஸ்வரக் குறியீடு) பார்த்துத் தன் பாகத்தைப் பிடிக்கிற பெரியவர்கள் கொயரில் இன்றும் உண்டு. ஆனால் புதுப் பாட்டுக்குப் பாகம் எழுத வேண்டி வந்தால், கீபோர்டில் கார்டை (chord, ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பிடித்து அதன் ஸ்வரங்களைக் குரல்களுக்குப் பங்கு வைப்பதே வழக்கமாகிவிட்டது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. ஃபா–லா–டோ கார்டிலிருந்து ஸோ–டீ–ரே கார்டுக்கு எல்லாக் குரலும் சேர்ந்து மேலே ஏறினால் ஐந்தாம் இடைவெளியும் (ஸ–ப) எட்டாம் இடைவெளியும் (ஸ–மேல் ஸ) அப்படியே நகரும். நான்கு குரல் ஒற்றைக் குரலாக ஒட்டிப்போகும். பேஸ் ஃபாவிலிருந்து ஸோவுக்கு ஏறும்போது மற்றவர்கள் இறங்க வேண்டும்: சோப்ரானோ டோ–டீ, ஆல்ட்டோ லா–ஸோ, டெனர் ஃபா–ரே.

இதைக் காதில் ஏற்றுவது கவுண்டர்பாயிண்டுக்கு, அதாவது தனித்தனி மெட்டுகளை இணைத்து எழுதும் கலைக்கு, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஃபூக்ஸ் 1725-இல் வகுத்துத் தந்த ஐந்து படிப் பயிற்சி. முதல் படியில் கொடுத்த மெட்டின் ஒரு ஸ்வரத்துக்கு எதிராக ஒரே ஸ்வரம். கீழே மெட்டு ரே–டோ என முடிந்தால் மேலே டீ–டோ, அதாவது பெரிய ஆறாவது விரிந்து எட்டாவதில் அமர வேண்டும். மூன்றாவதும் ஆறாவதும் தொடர்ச்சியாக மூன்று முறைக்கு மேல் வேண்டாம். இரண்டாம் படியில் ஒன்றுக்கு இரண்டு, மூன்றாவதில் ஒன்றுக்கு நான்கு. ஐந்தாவது எல்லாம் கலந்தது. நான்காம் படியான சஸ்பென்ஷனுக்குத்தான் அதிகக் காலம் கொடுக்க வேண்டும். முந்தைய அடியில் இணக்கமாக இருந்த ஸ்வரத்தை அப்படியே பிடித்து, வலுவான அடியில் உரசவிட்டு, ஒரு ஸ்வரம் இறக்கி விடுவிப்பது: மேல் குரலில் 7–6, 4–3, கீழ்க்குரலில் 2–3 (எண்கள் இரு குரலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி).

தமிழ் வரிக்கு இதில் தனிக் கவனம் தேவை. பிடித்து நிற்கும் ஸ்வரம் நெடிலில் விழ வேண்டும். குறிலில் வைத்தால் பாடுகிறவர்கள் சீக்கிரம் விட்டுவிடுவார்கள், உரசலே கேட்காது.

குறை என்றால், ஃபூக்ஸ் பழைய மோடுகளில் (மேஜர், மைனருக்கு முந்தைய ஸ்கேல்கள்) எழுதினவர். டாமினன்ட் செவன்த் (ஸோ–டீ–ரே–ஃபா கார்டு), மாடுலேஷன் (பாட்டின் நடுவே ஆதார ஸ்வரம் மாறுவது) போன்றவை அங்கே கிடைக்காது. அதற்கு பாஹ்வின் 371 கோரல்கள் (நான்கு குரல் சபைப் பாடல்கள்). சோப்ரானோவையும் பேஸையும் மட்டும் பிரதி எடுத்து, நடுக் குரல் இரண்டையும் நாமே நிரப்பி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டால் போதும். வேறு விளக்கமே வேண்டாம் என்று சொல்லலாம்.

ராகத்தில் அமைந்த கீர்த்தனைக்குப் பாகம் எழுதுவது தனி வேலை. சங்கராபரணம் மேஜர் ஸ்கேல்தான், சிக்கலில்லை. கீரவாணி ஹார்மோனிக் மைனர்: த–நி தாவல் மெட்டில் இருந்தால் உயிர், ஆல்ட்டோவிலோ டெனரிலோ வந்தால் பாட முடியாத இடைவெளி. மாயாமாளவகௌளையில் ப–நி–ரி சுத்த ஐந்தாவதைத் தராது, ஆகவே வழக்கமான டாமினன்ட் முடிவு நிற்காது. ம–த–ஸ மைனர் கார்டிலிருந்து ஸ–க–ப-வுக்கு வருவது நன்றாக அமைகிறது. கமகம் சோப்ரானோவுக்கு மட்டும். அதுவும் கார்டு மாறுகிற இடத்தில் நேர் ஸ்வரமாக நிற்க வேண்டும்.

இசைக் குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் இலவசம், தமிழ் வரியும் ஏற்கும், ஒவ்வொரு பாகத்தையும் தனியாகக் கேட்கலாம். ஆனால் கணினி மூச்சு வாங்காது. டெனரை எட்டு தாள அளவுக்கு உச்சத்திலேயே நிறுத்தினாலும் அது பாடிவிடும். கையால் எழுதி, இருவர் பாடிப் பார்த்த பிறகே அதில் ஏற்றுவது நல்லது. அப்படிப் பாடிப் பார்ப்பதும் கீபோர்டு இல்லாமல் நடக்க வேண்டும். கீபோர்டின் மேஜர் மூன்றாவது, காது தேடும் இயல்பான அந்தர காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயரம்.

டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸுக்கு எழுதுகிறவர்கள் டெனரை கீபோர்டின் மத்திய C-க்கு மேல் ஐந்தாவதைத் தாண்ட விட வேண்டாம். இரவு முழுக்க வீடு வீடாகப் பாடும் குரல் அது.