46,000 ரூபாய் ஸ்ட்ரோலர், மூன்றரை வருடம் கழித்து

மகளுக்கு வரும் ஜனவரியில் நாலு வயது முடிகிறது. அவள் பிறப்பதற்கு முன்பும், பிறந்த முதல் வருடத்திலும் வாங்கிக் குவித்த சாமான்களில் எதற்குக் கொடுத்த காசு தகும், எது வீண் என்று இப்போதுதான் என்னால் நிதானமாகச் சொல்ல முடிகிறது. வாங்கிய முதல் வாரத்தில் எழுதுகிற விமர்சனங்களை நம்பித்தான் நாங்கள் நிறைய வாங்கினோம். புதிதில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், குழந்தையின் இரண்டு மூன்று வாந்தி, இவ்வளவும் பார்த்த பிறகு அந்தப் பொருள் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை வைத்துத் தள்ளுகிற வண்டி, ஏனென்றால் அதற்குத்தான் அதிகம் கொடுத்தோம். சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் வரும்போது வாங்கி வந்தார், நம் காசுக்கு 46,000 ரூபாய். பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம். அலுமினியச் சட்டம், நாலு சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கலாம், உட்கார வைக்கலாம், நம்மைப் பார்த்தபடியும் திருப்பலாம், ரோட்டைப் பார்த்தபடியும் திருப்பலாம். எடை ஒன்பதரை கிலோ. இந்த ஒன்பதரை கிலோவைத்தான் நாங்கள் யோசிக்கவே இல்லை.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 34 படி. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் மடித்த வண்டி, தோளில் டயப்பர் பை என்று இறங்கிப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். சரி, இறங்கியாயிற்று என்றால் தெருவில் நடைபாதை இல்லை. மழைநீர் வடிகால் மேல் போட்ட கான்கிரீட் மூடிகள்தான் நடைபாதை, ஒரு மூடிக்கும் அடுத்த மூடிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. முன் சக்கரம் அதில் இறங்கி நின்றால் வண்டியைப் பின்னால் சாய்த்துத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். பத்தடி போனால் நிறுத்தி வைத்த ஸ்கூட்டர், அதைச் சுற்ற ரோட்டில் இறங்கினால் பின்னால் தண்ணி லாரி. ஒரு நாள் சிக்னலில் குனிந்து பார்த்தேன், மகளின் முகம் சரியாக முன்னால் நின்ற பைக்கின் சைலன்சர் உயரத்தில் இருந்தது. அன்றோடு மெயின் ரோட்டுக்கு ஸ்ட்ரோலர் கொண்டு போவதை நிறுத்திவிட்டேன்.

நகரம் முழுக்க இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். பாண்டி பஜாரில் 2019இல் திறந்த அகல நடைபாதையில் அந்த வண்டி அவ்வளவு சுகமாகப் போனது. மெட்ரோ ஸ்டேஷன்களில் லிஃப்ட் இருப்பதால் அங்கேயும் பிரச்சினை இல்லை. ஆனால் பாண்டி பஜாருக்கு மாதம் எத்தனை தடவை போவோம்?

மகளுக்கு 14 மாதம் இருக்கும்போது, 2023 மார்ச்சில், அண்ணன் வீட்டுக்கு இருபது நாள் போனோம். அதே வண்டி அங்கே வேறு வண்டியாகிவிட்டது. வீட்டு வாசலில் லிஃப்ட், கீழே இறங்கினால் மழை படாத நடைபாதை, எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயிலில் அகலமான கேட், பஸ்ஸில்கூட மடிக்காமல் அப்படியே ஏற்றலாம், 2017இல் இருந்து அங்கே அதற்கு அனுமதி உண்டு. காலை பத்து மணிக்குக் கிளம்பினால் அவள் வண்டியிலேயே தூங்கி, வண்டியிலேயே சாப்பிட்டு, சாயங்காலம் வீடு திரும்புவோம். கொடுத்த காசுக்கு உழைத்தது அந்த இருபது நாளும்தான். அண்ணன் ஆசையாக, தன் ஊரில் எது உதவுமோ அதை வாங்கிக் கொடுத்திருக்கிறார். தப்பு அவர் மேல் இல்லை, வண்டி மேலும் இல்லை.

தரம் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். தூக்கிக்கொண்டு ஏற முடியாமல் வண்டியைக் கீழே மாடிப்படிக்கு அடியிலேயே வைத்திருந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது முழங்கால் அளவு தண்ணீரில் இரண்டு நாள் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் துணி முழுவதையும் கழற்றி அலசிக் காயப்போட்டோம், எல்லாமே ஜிப்பும் பட்டனும்தான், ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. சட்டத்தில் துரு இல்லை. சக்கரத்தைக் கழற்றிச் சேற்றை எடுத்து எண்ணெய் விட்டதும் முன்போலவே ஓடியது. பக்கத்து வீட்டுக்காரரின் விலை குறைந்த வண்டி அதே தண்ணீரில் கிடந்து மடிக்கும் இடமெல்லாம் துருப்பிடித்து இறுகிவிட்டது. ஆனால் இவ்வளவு நல்ல வண்டியில் கைப்பிடிக்குச் சுற்றிய லெதர் மாதிரியான உறை மட்டும் இரண்டாவது கோடையிலேயே வெடித்து, தூள் தூளாகக் கையில் ஒட்ட ஆரம்பித்தது. நம் வெயிலுக்கு அந்தப் பொருள் ஆகாது. ஃபோம் கைப்பிடியோ ரப்பர் கைப்பிடியோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் 4,200 ரூபாய்க்குக் குடை மாதிரி மடிகிற சின்ன வண்டி ஒன்று வாங்கினோம். இந்த வகைக்கு ஒரு நல்ல கதை உண்டு. ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை பார்த்தவர், தன் மகள் கனமான குழந்தை வண்டியோடு பயணத்தில் திண்டாடியதைப் பார்த்து 1965இல் அலுமினியக் குழாயில் இதை வடிவமைத்தார். மூன்று கிலோகூட இல்லை. குழந்தை வண்டியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எடைதான் என்பது அவருக்கு அப்போதே புரிந்திருக்கிறது. எங்கள் 4,200 ரூபாய் வண்டியில் வெயிலுக்கு மூடி பேருக்குத்தான், முழுக்கப் படுக்க வைக்க முடியாது, அதனால் குழந்தைக்குத் தலை நின்று, தானாக உட்கார ஆரம்பித்த பிறகுதான் சரிப்படும். ஒன்றரை வருடத்தில் முன் சக்கரம் ஆட்டம் கண்டது. ஆனாலும் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போனோம்.

நான் உண்மையிலேயே தினமும் பயன்படுத்தியது கேரியர், அதாவது உடம்போடு கட்டிக்கொள்கிற பை. அதில் ஒரு தடவை ஏமாந்தோம். முதலில் 1,100 ரூபாய்க்கு வாங்கியதில் உட்காரும் இடம் ஒரு சாண் அகலம்கூட இல்லை, குழந்தையின் எடை முழுக்கத் தொடை இடுக்கில் இறங்கி, கால் இரண்டும் நேராகத் தொங்கியது. குழந்தை டாக்டர் பார்த்ததும் வேண்டாம் என்றார். முட்டி பிட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும், தொடை முழுக்கத் துணி தாங்க வேண்டும், அப்போதுதான் இடுப்பு மூட்டுக்கு நல்லது. நம் பாட்டிமார் இடுப்பில் வைத்துக்கொள்ளும்போது குழந்தை காலை எப்படி அகட்டிக் கவ்விக்கொள்கிறதோ அதே நிலைதான். பிறகு 6,500 கொடுத்து அகலமான ஒன்று வாங்கினோம். பரங்கிமலை ஸ்டேஷன் படிக்கட்டு, மயிலாப்பூர் மாட வீதி, திருச்செந்தூர் கோயில் வரிசை, எல்லா இடத்துக்கும் அதில்தான் வந்தாள். இரண்டரை வயது வரை தாங்கியது. விலை கூடக் கொடுத்து வாங்கியதில் நான் கொஞ்சமும் வருத்தப்படாத பொருள்.

அடுத்தது கார் சீட். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். 17,500 ரூபாய், ஆர்129 என்ற குழந்தை இருக்கைப் பாதுகாப்புத் தரச் சான்று உள்ளது, காரிலேயே பொருத்தி வரும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டுவது. கடைக்காரர் ஒன்பது கிலோ ஆனதும் முன்னால் பார்த்தபடி திருப்பிவிடலாம் என்றார். அது பழைய ஆர்44 தரத்தின் கணக்கு. ஆர்129இல் குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். கைக்குழந்தைக்கு உடம்பை ஒப்பிட்டால் தலை கனம், கழுத்து பலமில்லாதது, முன்னால் மோதும்போது பின்பக்கம் பார்த்த குழந்தையின் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கை ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும்.

வீட்டில் இதற்குப் பெரிய எதிர்ப்பு. “பச்சைக் குழந்தையை மடியில வச்சுக்காம கட்டிப் போடுறியேம்மா” என்று அத்தை அழாத குறை. முதல் மூன்று வாரம் மகள் தாம்பரம் வரை அழுதுகொண்டே வருவாள், எனக்கும் மனசு கேட்காது. ஒரு நாள் ஈசிஆரில் கோவளம் தாண்டி ஒரு நாய் குறுக்கே ஓட, கணவர் பிரேக்கை அமுக்கினார். என் மடியில் இருந்த தண்ணீர் பாட்டில் டேஷ்போர்டில் அடித்துத் தெறித்தது. அத்தை பின் சீட்டில் இருந்து முன் சீட்டில் போய் முட்டிக்கொண்டார். மகள் தூக்கத்தில் இருந்து விழிக்கவே இல்லை. அதற்குப் பிறகு காரில் ஏறியதும் அவளுக்கு பெல்ட் மாட்டியாயிற்றா என்று முதலில் கேட்பது அத்தைதான். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 194பி பிரிவு, 14 வயதுக்குள் இருப்பவர்களை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. பைக்கில் போகிறவர்களுக்கும் 2023இல் இருந்து விதி வந்துவிட்டது, நாலு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு உடம்போடு கட்டும் பட்டை, தலைக்குச் சின்ன ஹெல்மெட், வேகம் 40க்கு மேல் கூடாது. அந்தப் பட்டை பெரிய விலை இல்லை, தயவுசெய்து வாங்குங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. பால் பாட்டிலில் கிருமி போக்கும் ஸ்டெரிலைசர் 4,500, இரண்டு மாதம்தான் ஓடியது, இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்தால் அதே வேலை நடக்கிறது. மரக் கட்டில் 18,000, அதனோடு வந்த பக்கவாட்டு மெத்தைகளை முதல் நாளே கழற்றிப் போட்டோம், குழந்தை முகம் புதைந்து மூச்சு முட்டும் என்று அமெரிக்காவில் 2022இல் அவற்றை விற்கவே தடை போட்டார்கள். குழந்தை உட்கார்ந்து காலால் உந்திப் போகும் சக்கர வாக்கரை ஒருவர் பரிசாகக் கொடுத்தார், பெட்டியைப் பிரிக்கவில்லை. கனடாவில் 2004இல் இருந்தே தடை, படிக்கட்டு உள்ள வீட்டில் நினைத்தாலே பயமாக இருக்கிறது. சாப்பாட்டு நாற்காலியில் குஷன் வைத்தது வாங்கி, ஒவ்வொரு இடுக்கிலும் காய்ந்த பருப்பு சாதத்தைக் குச்சியால் நோண்டி எடுத்து வெறுத்துப் போனேன். வெறும் வழவழ பிளாஸ்டிக்கில் இருப்பதுதான் நல்லது, குழாயடியில் வைத்துக் கழுவிவிடலாம்.

தூக்கத்துக்கு அம்மா கொண்டு வந்தது ஒரு பழைய சுங்குடிச் சேலை, ஒரு ஸ்பிரிங், ஒரு தூளிக் கட்டை. ஸ்பிரிங்குக்கும் கட்டைக்குமாக 650 ரூபாய். பகல் தூக்கம் முழுக்க அதில்தான். ராத்திரி நீண்ட தூக்கத்துக்கு மட்டும் சமமான கெட்டி மெத்தையில் மல்லாக்கப் போடச் சொன்னார் டாக்டர், அப்படியே செய்தோம். எழுந்து நிற்க ஆரம்பித்ததும் தூளியை அவிழ்த்துவிட்டோம், குழந்தையை அதில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகவும் கூடாது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மருமகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். 2015இல் தொடங்கிய திட்டத்தில் கொடுக்கும் குழந்தைப் பெட்டகத்தை என்னிடம் பிரித்துக் காட்டினார். துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை என்று மொத்தம் 16 பொருள். ஒன்றைக்கூட வீணாக்கவில்லை என்றார். கொசுவலையையும் நகவெட்டியையும் நான் மகள் பிறந்து பத்து நாள் கழித்து, கொசுக்கடியும் முகத்தில் நகக் கீறலும் பார்த்த பிறகுதான் ஓடிப்போய் வாங்கினேன்.

இப்போது எனக்கு ஐந்தாம் மாதம். ஸ்ட்ரோலரைப் போன மாதம் 14,000க்கு விற்றுவிட்டோம், வாங்கியவர்களுக்கு நாவலூரில் பெரிய அபார்ட்மென்ட், லிஃப்ட் உண்டு, உள்ளேயே நல்ல ரோடு, அங்கே அது தினமும் ஓடும். கேரியரைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். கார் சீட்டை இரண்டாம் கையாக வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன், விபத்தில் அடிபட்டதா என்று வெளியே பார்த்துத் தெரியாது. எங்களுடையது எங்கள் கையிலேயே இருந்தது, அடியில் அச்சிட்ட தேதிக்கும் இன்னும் வருடங்கள் பாக்கி இருக்கின்றன, அதனால் சின்னவருக்கும் அதுவேதான். பெல்ட்டை மட்டும் பிறந்த குழந்தை அளவுக்கு இறக்கி மாட்ட வேண்டும். அம்மா தூளிக்குச் சேலையும் பார்த்து வைத்துவிட்டார்.